கோயிலோடு முடியாத தலைநகரம்

தஞ்சாவூரிலிருந்து புறப்படும் சோழர் கோயில் சுற்றுலாவுக்கு ஒரு வழக்கமான ஒழுங்கு உண்டு. காலையில் பெரிய கோயில், அடுத்து தாராசுரம், வெயில் சாயும் நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். மூன்றும் உலக மரபுச் சின்னங்கள். தஞ்சை 1987இலும் மற்ற இரண்டும் 2004இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. வருகிறவர்கள் புல்வெளியைக் கடந்து விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். வடக்கு வாசலருகே சண்டேசரையும் ஞானசரசுவதியையும் படமெடுத்துக்கொள்கிறார்கள், சிங்கமுகக் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பிய பின் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு கோயிலைப் பார்த்தோம் என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அவர்கள் போய்வந்த இடம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகரமாக இருந்தது. 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராஜேந்திரன் நிறுவிய நாளிலிருந்து, 1279வாக்கில் மூன்றாம் இராஜேந்திரனோடு சோழர் ஆட்சி மறையும் வரை, இங்கிருந்துதான் ஆணைகள் எழுதப்பட்டன. அந்த நகரம் முற்றிலும் அழிந்துவிட்டது, கோயில் மட்டும் தப்பிப் பிழைத்தது என்ற எண்ணம் பாடநூல் முதல் சுற்றுலாக் கையேடு வரை பரவிக் கிடக்கிறது. இந்த எண்ணம் பெரிதும் பிழையானது என்பதே என் வாதம். நகரம் சிதைந்திருக்கிறது, ஆனால் காணாமல் போய்விடவில்லை. அதைப் பார்க்கும் வழியை நாம் வகுத்துக்கொள்ளாததால், ஒரு தலைநகரை ஒரு கட்டடமாகச் சுருக்கிவிட்டோம். அந்தச் சுருக்கம் சோழர் வரலாற்றைப் பற்றிய நம் புரிதலையே கோணலாக்குகிறது.

கோயிலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள அந்த விமானம் தஞ்சை விமானத்தைவிடத் தாழ்வானது. நிலைகளும் அதைவிடக் குறைவு. ஆனால் தஞ்சையில் நேர்கோடாக மேலேறும் உருவம் இங்கே உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. கருவறை இலிங்கம் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். கோயிலின் உள்வளாகம் 560 அடி நீளமும் 320 அடி அகலமும் கொண்டது. சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்தை இராஜேந்திரனின் சொந்த முடிசூட்டலின் குறிப்பாகவே கருதும் கலை வரலாற்றாசிரியர்கள் உண்டு. கருவூர்த் தேவர் இந்தக் கோயிலைப் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இந்தக் கோயிலைக் கூர்ந்து பார்க்கப் பார்க்க அது தன்னை மட்டும் காட்டி நிற்பதில்லை என்பது தெரியும். உள்ளே இருக்கும் ஒற்றைக்கல் சூரிய பீடம், தாமரை வடிவில் கோள்கள் சூழத் தேர்போல் அமைந்தது, தமிழ்நாட்டுப் பாணியில் இல்லை. சாளுக்கிய நாட்டிலிருந்து வெற்றிப் பொருளாக வந்தது என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். வீரரெட்டித் தெருவில் வழிபாட்டில் உள்ள துர்க்கையும் அவ்வாறே வந்தவள் என்பர். சற்றுத் தொலைவில் செங்கமேட்டில், சிவந்த மணற்கல்லில் செதுக்கிய கலிங்கப் பாணிச் சிலைகள் நிற்கின்றன. போரில் வென்ற நாடுகளின் தெய்வங்களைக் கொண்டுவந்து நகரெங்கும் அமர்த்தியிருக்கிறார்கள். வெற்றியைக் கோயில் மதிலுக்குள் அடைத்துவைக்காமல் ஊர் முழுக்கப் பரப்பிய ஏற்பாடு இது. கோயிலை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் அந்த ஏற்பாட்டின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறார்.

நகரத்தின் முதல் சாட்சி கோயிற்சுவரிலேயே இருக்கிறது. இங்குள்ள கல்வெட்டுகளில் முதன்மையானது வீரராஜேந்திரன் காலத்து நீண்ட சாசனம். முந்தைய அரசர்கள் விட்ட நிலங்களையும் கோயிலுக்கு வரவேண்டிய நெல்லையும் அது விரிவாகக் கணக்கிடுகிறது. இதையும் இந்த ஊர் தொடர்பான மற்றக் கல்வெட்டுகளையும் சேர்த்துப் படித்த இரா. நாகசாமி, 1970இல் வெளியிட்ட தம் நூலில் நகரின் உறுப்புகளைப் பெயர் பெயராகத் தொகுத்தார். சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை, கங்கைகொண்ட சோழன் மாளிகை என்று அரண்மனைகள். திருவாசல், வேம்புகுடி வாசல் என்று வாயில்கள். இராஜராஜன், இராஜேந்திரன் பெயர்களில் பெருவழிகள். விளாங்குடையான் பெருவழி என்று இன்னொன்று. குலோத்துங்கசோழன் திருமதில் என்ற மதில். ஆனைவெட்டுவான் என்ற வாய்க்கால், மதுராந்தக வடவாறு என்ற ஆற்றுக்கால். அரசன் எந்த மாளிகையில் எந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தபோது ஆணை பிறந்தது என்பதுவரை சாசனங்கள் சொல்கின்றன. நகர அமைப்பையும் நாகசாமி ஓரளவு மீட்டார்: நடுவில் அரண்மனை, அதற்கு வடகிழக்கில் சிவன் கோயில், மேற்கில் திருமால் கோயில். ஆக நாம் ஊரின் நடுவென்று நினைக்கும் பெருவுடையார் கோயில் நகரின் ஈசானிய மூலையில் நின்றது. நடுவம் அதற்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில், இன்று மாளிகைமேடு என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்தது. வந்து போகிறவர்களில் மிகப் பலர் மூலையில் நின்று பார்த்துவிட்டு நடுவைத் தொடாமலே திரும்புகிறார்கள்.

இத்தாலியின் ராவென்னா நகரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 402 முதல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர் அது. அதன் துறைமுகப் பட்டினமான கிளாசே, கடல் பின்வாங்கிய பின் வயல்வெளியாகிவிட்டது. 549இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அப்பொலினாரிஸ் தேவாலயம் அந்த வெளியில் தனியே நிற்கிறது. ராவென்னா நகருக்குள்ளேயே, அதே புனிதர் பெயரில், கோத் அரசன் தியோடொரிக் கட்டிய இன்னொரு தேவாலயம் இருக்கிறது. அதன் உட்சுவர் மொசைக்கில் இரண்டு காட்சிகள்: ஒரு பக்கம் கிளாசே துறைமுகம், எதிர்ப்பக்கம் அரசனின் அரண்மனை, இரண்டிலும் பெயர் பொறித்திருக்கிறது. துறைமுகம் மண்ணில் புதைந்தது, அரண்மனை பெரும்பாலும் அழிந்தது. அவற்றின் முகவரியை வழிபாட்டிடத்தின் சுவர் காத்துவைத்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகள் செய்வதும் இதையேதான், வண்ணக் கல்லுக்குப் பதில் எழுத்தில். 1996இல் ராவென்னாவின் எட்டு நினைவுச்சின்னங்கள் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. இத்தாலியர்கள் அதோடு நின்றுவிடவில்லை. கிளாசேயில் அகழ்ந்த துறைமுகப் பகுதியை 2015இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். மூடிக்கிடந்த ஒரு சர்க்கரை ஆலையைச் சீரமைத்து 2018இல் அந்நிலத்தின் வரலாற்றுக்கென அருங்காட்சியகமாக்கினார்கள். கிளாசேயில் பார்வையாளர் காண்பது முழங்கால் உயரச் சுவர்களும் கல் பாவிய தெருவும் கிடங்குகளின் அடித்தளங்களும்தான். தேவாலயத்தின் மொசைக்கைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்த முழங்கால் உயரச் சுவர்கள் ஒரு துறைமுகமாகவே எழுந்து நிற்கின்றன.

மாளிகைமேட்டில் நம்மிடமும் அப்படிச் சுவர்கள் இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை 1980களில் இங்கே பல பருவங்கள் அகழ்ந்தது. 2021இல் மீண்டும் அகழத் தொடங்கியது. வெவ்வேறு காலங்களில் கட்டிய தடித்த செங்கற்சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பாணிகள், வளையல் துண்டுகள், தந்தப் பொருள்கள், காசுகள், சீனப் பீங்கான் சில்லுகள் ஆகியவை கிடைத்தன. இந்தப் பட்டியலை ஒரு வீட்டின் உடைந்த சாமான்களாகப் பார்த்தால் அதில் அழகில்லை. சான்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பேசுகிறது. கூரை ஓடும் இரும்பாணியும் தூண் அடிக்கல்லும் சேர்ந்து சொல்வது, இது செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்த மாடமாளிகை என்பதை. சீனச் சில்லுகள், 1015லும் 1033லும் 1077லும் சோழத் தூதுக்குழுக்கள் சீனத்தின் சோங் அரசவைக்குச் சென்ற செய்திக்குத் தரையில் கிடைத்த துணைச்சான்று. தூது போனதைச் சீன ஆவணங்கள் சொல்கின்றன. அந்த உறவு அரண்மனையின் அன்றாடத்துக்குள் வந்ததைச் சொல்ல இந்தச் சில்லுகள் வேண்டும். இராஜேந்திரனின் கடல் கடந்த கடாரப் படையெடுப்பைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் நாம், அந்தக் கடல் இங்கே எந்தத் தட்டில் வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்கப் போவதில்லை. கோயிலில் அதைப் பார்க்க முடியாது.

அரண்மனை ஏன் நிற்கவில்லை, கோயில் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை முதலில் கட்டுமானப் பொருளில் இருக்கிறது. சோழர்கள் கருங்கல்லைப் பெரும்பாலும் தெய்வத்துக்கே வைத்தார்கள். அரசன் உட்பட மனிதர்கள் வாழ்ந்தது செங்கல், மரம், சுண்ணாம்பு, ஓடு இவற்றாலான கட்டடங்களில். மரம் மட்கும், ஓடு சரியும், செங்கல்லை அடுத்தவர் எடுத்துப் போவார். ஆயிரம் ஆண்டு கழித்துப் பார்க்கிறவருக்குக் கல் மட்டும் கண்ணில் படுகிறது. அதனால் சோழர் காலத்தைக் கோயில்களின் காலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்து அரசு, வணிகம், தெரு, நீர்மேலாண்மை, குடியிருப்பு எல்லாம் கோயிலின் பின்னணியாக மட்டும் ஒதுங்கிவிடுகின்றன. எது எஞ்சியது என்பதை எது முதன்மையாக இருந்தது என்பதோடு குழப்பிக்கொள்வது வரலாற்றில் அடிக்கடி நேரும் பிழை. ஒரு மணி நேரச் சுற்றுலா அந்தப் பிழையை ஒவ்வொரு நாளும் புதுப்பித்துத் தருகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பைச் சொல்லலாம். சோழர்கள் தாங்களே எது நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்து அதற்குக் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். மாளிகை நிலைக்க வேண்டும் என்று அவர்களே விரும்பவில்லை. ஆகவே கோயிலை மட்டும் பார்ப்பதுதான் அவர்கள் உள்ளக்கிடக்கைக்குப் பொருந்துவது என்று. மாளிகையைப் பொறுத்தவரை இந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் இராஜேந்திரனின் சொந்த ஆவணமே இதைப் பாதி வழியில் மறிக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவனுடைய 6ஆம் ஆட்சியாண்டுக் கொடை ஒன்றைப் பதிந்தவை. அவற்றின் வடமொழிப் பகுதி அதற்குப் பிந்திய வெற்றிகளையும் சொல்வதால் அது பின்னர் இயற்றப்பட்டது என்பர். கங்கைப் படையெடுப்பை விவரிக்கும் அந்தப் பகுதி, படைத்தலைவன் கொண்டுவந்த கங்கை நீரை அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டதையும், பின்பு தன் நாட்டில் சோழகங்கம் என்ற பெயரில் நீராலான வெற்றித்தூண் ஒன்றை அவன் நிறுவியதையும் கூறுகிறது. வெற்றித்தூண் என்று அங்கே சொல்லப்படுவது விமானம் அல்ல, ஏரி. வென்ற அரசர் கல்லில் தூண் நடுவது வழக்கம். இவன் ஒரு நீர்நிலையை வெட்டி அதைத் தூண் என்றான். நகரத்தின் பெயருக்குக் காரணமான நிகழ்ச்சிக்கு நகரை நிறுவியவனே நியமித்த நினைவுச்சின்னம் எது என்று கேட்டால், விடை கோயில் வளாகத்துக்கு வெளியே, இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் அந்த ஏரியில் இருக்கிறது. சிங்கமுகக் கிணற்றில் கங்கை நீரை ஊற்றினார்கள் என்ற கதையைக் கேட்டு அதைப் படமெடுத்துப் போகிறவர்கள் பலர். அந்தச் சிங்க முகமோ செங்கல்லும் சுதையுமாகப் பிற்காலத்தில், உடையார்பாளையம் ஜமீன் காலத்தில் அமைந்தது. கங்கையின் பெயரைத் தாங்கிய ஏரிக்கு அவர்கள் போவதே இல்லை. இதைவிடத் துல்லியமாக நம் பார்வை தவறிப்போன இடத்தைக் காட்ட முடியாது.

அந்த ஏரியைப் பற்றி 1855இல் வெளியான ஒரு குறிப்பு ஆய்வாளர்களால் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. உடையார்பாளையம் தாலுகாவில் வடக்குத் தெற்காக 16 மைல் நீளமுள்ள ஒரு கரை இருப்பதாகவும், அதில் உறுதியான மதகுகள் பல இருந்ததாகவும், தென்முனையில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு கால்வாயும் வடபக்கம் வெள்ளாற்றிலிருந்து சிறிய ஒரு வாய்க்காலும் அதற்கு நீர் தந்ததாகவும் அந்தக் குறிப்பு சொல்கிறது. அப்போதே ஏரிக்குள் புகமுடியாத காடு மண்டியிருந்தது. 16 மைல், அதாவது 25 கிலோமீட்டருக்கு மேல், என்ற அளவை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த ஏரிகளின் கரைகளைத் தொடர்ச்சியாகக் கண்டு ஒன்றாக எண்ணியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டாலும் அமைப்பின் தன்மை மாறாது. கொள்ளிடத்துக்கு வடக்கே, காவிரிப் படுகையின் ஈரம் எட்டாத செம்மண் மேட்டுநிலத்தின் ஓரத்தில் அமைந்த ஊர் இது. இன்றும் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடுகள் விரியும் நிலம். வளம் கொழித்த தஞ்சையை விட்டு இப்படி ஓரிடத்துக்கு அரசன் ஏன் தலைநகரை மாற்றினான் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. வடக்கே தொண்டை மண்டலத்துக்கும் சாளுக்கிய, வேங்கி எல்லைகளுக்கும் அணுக்கமாக இருக்க வேண்டும் என்ற அரசியல் காரணத்தைப் பலர் சொல்வர். எனக்கு நீரும் ஒரு காரணமாகவே படுகிறது: ஏற்கெனவே ஊர்களும் பிரமதேயங்களும் நிறைந்த படுகையில் புதுநகருக்கு இடம் கேட்பதைவிட, வறண்ட மேட்டில் ஏரி வெட்டிப் புதிய விளைநிலத்தையும் புதிய நகரத்தையும் சேர்த்தே உண்டாக்குவது ஒரு பேரரசனுக்குத் தகுந்த கணக்கு. இது ஊகம்தான். ஆனால் ஏரிக்கரையில் நின்று மேற்கும் கிழக்கும் நிலத்தின் சரிவைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றாது.

நகரத்தை அழித்தது யார் என்பதற்கு வழக்கமான விடை பாண்டியர். 13ஆம் நூற்றாண்டில் சோழரை வீழ்த்தியது அவர்களே. தஞ்சையையும் உறையூரையும் எரித்ததை மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. ஏரியை ஒரு படையெடுப்பு வேண்டுமென்றே உடைத்தது என்ற செவிவழிச் செய்தியை 1855ஆம் ஆண்டுக் குறிப்பும் பதிந்திருக்கிறது. ஆனால் பாண்டியரின் கல்வெட்டுகளும் இதே கோயிலில் இருக்கின்றன. அவர்கள் கொடை கொடுத்திருக்கிறார்கள். ஒரே நாளில் எரிந்து சாம்பலான நகரம் என்ற சித்திரத்தைவிட, அரசவை போனதும் காலியாகி, மரம் மட்கி, செங்கல் பறிபோய் மெல்லத் தேய்ந்த நகரம் என்ற சித்திரமே அகழ்வாய்வுக்கும் இன்றைய நிலத்துக்கும் பொருந்துகிறது. மாளிகைமேட்டின் செங்கற்களைத் தோண்டி எடுத்துச் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். பெரிய கொள்ளை 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் பெயரால் நடந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் திட்டத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை எழுந்தபோது, கோயிலின் கருங்கல் மதில் ஏறக்குறைய முழுவதும் பெயர்க்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடுள்ள கற்களும் போயின. ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது; கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கும் நிறைவேறவில்லை என்று அந்த 1855ஆம் ஆண்டுக் குறிப்பே வருத்தத்தோடு எழுதியிருக்கிறது. இந்த ஏழை மக்களின் எதிர்ப்பு நம் சுற்றுலா வழிகாட்டிகளின் பேச்சில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ரோமில் கொலோசியத்தின் கற்கள் பிற்காலக் கட்டடங்களுக்குப் போன கதையை அங்கே வரும் ஒவ்வொரு பயணியும் கேட்கிறார். அது அந்த இடத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டுவிட்டது. அணைக்கரைப் பாலத்தைக் கடந்தே கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறோம். கோயிலின் ஒரு பகுதியைக் கடந்துதான் கோயிலுக்கு வருகிறோம் என்பதைச் சொல்ல அங்கே ஒரு பலகை போதும்.

இவ்வளவுக்கும் பிறகு எளிய ஒரு மறுப்பு மிஞ்சும்: பார்க்க என்ன இருக்கிறது? மேடும் பள்ளமும், உடைந்த செங்கல்லும், பாதி தூர்ந்த ஏரியும் பார்க்க மக்கள் ஏன் வரவேண்டும்? அகிலனின் வேங்கையின் மைந்தனைப் படித்துவிட்டு மனம் நிறைய மாடமாளிகைகளோடு வருகிறவருக்கு மாளிகைமேடு ஏமாற்றமாகவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஏமாற்றத்துக்குக் காரணம் சிதைவு அல்ல, துணையின்மை. வெறும் சுவர் எதையும் சொல்லாது. அதனருகே, இதே மாளிகையின் பெயர் எந்தக் கல்வெட்டில் வருகிறது, எந்த அரசன் எந்த ஆணையை இங்கிருந்து பிறப்பித்தான், இந்த ஓட்டுத்துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது என்று சொல்லப்பட்டால் அது பேசத் தொடங்கும். அகழ்ந்தெடுத்த பொருள்கள் ஊரிலுள்ள அகழ்வைப்பகத்தில் இருக்கின்றன. அவை கிடைத்த இடம் மேட்டில் இருக்கிறது. அவற்றை விளக்கும் எழுத்து கோயிலில் இருக்கிறது. மூன்றையும் ஒருவர் ஒரே நாளில் பார்த்தால் ஒன்றையொன்று திறந்துகாட்டும். தனித்தனியே பார்த்தால் மூன்றுமே ஊமை.

ஊர்ப்பெயர்களை வைத்து நகரைத் தேடுவது நம்பத்தக்கதா என்பது இன்னொரு கேள்வி, ஆய்வாளர் நியாயமாகவே எழுப்புவது. உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதகளம், வாணதிரையன்பட்டினம், சுண்ணாம்புக்குழி என்று சுற்றிலும் கிடக்கும் பெயர்கள் கேட்டதும் கற்பனையைத் தூண்டுபவை. காவற்படை இங்கே இருந்தது, படைக்கலம் அங்கே இருந்தது என்று கதை கட்டுவது மிக எளிது. இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். வேம்புகுடி போன்ற பெயர் சோழர் காலச் சாசனத்தில் வாயிலின் பெயராக வருகிறது, அந்தப் பெயரில் ஊரும் இன்று இருக்கிறது. அதைச் சான்றாகக் கொள்ளலாம். உட்கோட்டை என்ற பெயரோடு அகழ்ந்த அரண்மனையின் இடமும் சேர்ந்து வருகிறது. அதற்கும் வலு உண்டு. சாசனத்திலோ மண்ணிலோ துணை கிடைக்காத பெயர்கள் எங்கே தோண்டிப் பார்க்கலாம் என்பதற்கான குறிப்புகள் மட்டுமே. பார்வையாளரிடம் இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லவேண்டும். எது நிறுவப்பட்டது, எது ஐயம் என்று பிரித்துக் காட்டினால் மக்கள் ஆர்வம் குறையும் என்று அஞ்சுவது மக்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

வழிபடுகிறவர் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். இது வாழும் கோயில். ஐப்பசிப் பௌர்ணமியில் அந்தப் பெரிய இலிங்கத்துக்கு நூறு மூட்டை அரிசியில் நடக்கும் அன்னாபிஷேகத்துக்கும், இராஜேந்திரனின் பிறந்தநாளான ஆடித் திருவாதிரைக்கும் பெருங்கூட்டம் கூடுகிறது. அவர்களுக்குத் தேவை இறைவன். இடிந்த அரண்மனை அல்ல. இதை நான் மதிக்கிறேன். வழிபாட்டுக்கு வருகிறவர்கள் மேட்டைச் சுற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தங்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று சொல்லிக்கொண்டு, வரலாற்றைப் பார்க்கவே வருகிறவர்களும் அதே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவதைத்தான் இந்தக் கட்டுரை கேள்விக்குள்ளாக்குகிறது. நகரத்தைப் பார்ப்பது வழிபாட்டுக்கு இடையூறும் அல்ல. நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும் இடைவெளியே நகரைப் பார்க்க ஏற்ற பொழுது. காலையில் பொன்னேரிக் கரை, பின்பு அகழ்வைப்பகம், மாளிகைமேடு, வீரரெட்டித் தெருத் துர்க்கை, கடைசியில் மாலை வெளிச்சத்தில் கோயில் என்று வரிசையை மாற்றினால், நீரும் மாளிகையும் தெருவும் கண்டு வந்தவருக்குக் கல்வெட்டில் வரும் பெயர்கள் தெரிந்த பெயர்களாக இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை மிகக் கடினமான மறுப்பு நிலத்தில் உழுகிறவர்களிடமிருந்து வருவதே. நகரத்தின் பெரும்பகுதி இன்று வயல், தோப்பு, வீட்டுமனை. நகரத்தைக் காக்கிறோம் என்று தொடங்கினால் கிணறு வெட்டவும் வீடு கட்டவும் தடை வரும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனுக்காக இன்றைய குடியானவன் ஏன் இழக்க வேண்டும்? நினைவுச்சின்னங்களைச் சுற்றிக் கட்டுமானத் தடை விதிக்கும் சட்டங்கள் எளியவர்களை எப்படி அலைக்கழிக்கின்றன என்பது தெரிந்ததே. ஆகவே நகரம் முழுவதையும் கையகப்படுத்தி வேலியிடும் திட்டத்தை நான் முன்வைக்கவில்லை. கிளாசேயிலும் பழைய துறைமுக நகரின் ஒரு பகுதியைத்தான் திறந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் பயிர் விளைகிறது. இங்கே முதலில் வேண்டியது நிலம் அல்ல, வரைபடம். கோயில் இந்தியத் தொல்லியல் துறையிடம், வழிபாடு இந்து சமய அறநிலையத் துறையிடம், மாளிகைமேடு மாநிலத் தொல்லியல் துறையிடம், ஏரி நீர்வளத் துறையிடம் என்று ஒரே நகரம் நான்கு அலுவலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. உலக மரபு எல்லையோ கோயிலைச் சுற்றி மட்டும் போடப்பட்டிருக்கிறது. நான்கையும் ஒரே தாளில் வரைந்த, சாசனப் பெயர்களையும் இன்றைய ஊர்ப்பெயர்களையும் அருகருகே குறித்த ஒரு வரைபடம் ஊருக்கு நடுவே வைக்கப்பட்டால் எவருடைய நிலமும் பறிபோகாது. ஏரியைத் தூர்வாரினால் நீர் பாய்வது அதே குடியானவரின் வயலுக்கு. தூர்வாரும்போது பழைய மதகும் கரைக்கட்டும் தென்பட்டால் இயந்திரம் நின்று தொல்லியலாளர் வந்து பதிந்த பின்பே வேலை தொடர வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் கூடுதலாகத் தேவை. பெருவழிகளின் தடம் இதுவரை மண்ணில் அடையாளம் காணப்படவில்லை. திருமதிலின் கோடும் பெரும்பாலும் உழுநிலத்தின் கீழேதான் இருக்க வேண்டும். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது வரிசையாகச் செங்கல் வந்தால் அதைச் சொல்ல யாரிடம் போவது, சொன்னால் தன் மனைக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஒருவர் அதை மூடிவிடத்தான் செய்வார். அவர் அச்சமின்றி வந்து சொல்லும் ஏற்பாடும், சொன்னவருக்கு ஈடு தரும் ஏற்பாடும் இருந்தால், அடுத்த பத்தாண்டில் அகழ்வாய்வுக் குழிகள் தருவதைவிட அதிகச் செய்தி அந்த வீட்டு மனைகளிலிருந்தே வரும்.